கையசைக்கும் தூரம்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். "நல்லா உருண்டையா ஆயிட்டியே ஜெயமணி" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் குரலைத் தாழ்த்தி, "அங்கே எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் சிலர் வீட்டில் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வம்புக்குக் கேட்கிறவர்களும் படிக்கலாம், குற்றமில்லை. நடந்ததை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது மற்றவர்களிடம் கேட்பதைவிட நல்லது.

நாங்கள் இருப்பது பூனாவில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில். என் கணவர் தேவசகாயம் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. நான் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பக்கத்தில் பட்டாளத்துக்காரர் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழுவுக்கு நான்தான் சட்டாம்பிள்ளை. சொந்தக் கோவில் எங்களுக்குக் கிடையாது. இங்கிலீஷ்காரர் கட்டிய கோவிலில் காலை ஆராதனை அவர்களுக்கு, வெயில் சாய்ந்த பிறகு எங்களுக்கு. ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் குருவானவர் பம்பாயிலிருந்து மாதம் ஒரு முறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற வாரங்களில் உபதேசியார் நடத்துவார். எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம், அவ்வளவு சின்னச் சபை.

எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில், நடுவே ஒரு முற்றம் தள்ளி, சாராள் வீடு. அவள் புருஷன் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி, நல்ல மனசுக்காரி, கருவாட்டுக் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எனக்குத்தான் வரும். அவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. பாடத் தெரியாது, ஆனால் பாடுவாள். என் மகள் லில்லியைத் தூங்கப்பண்ண நானே கட்டிய ஒரு பாட்டு உண்டு. "வெளிச்சம் போகும் நேரம், வேண்டிக்கொள்வோம் வா" என்று தொடங்கும். இரண்டாவது அடியில் ராகம் மெல்லக் கீழே இறங்க வேண்டும், பிள்ளை கண்ணை மூட வேண்டாமா? சாராள் அந்த இடத்தில் சரியாக மேலே ஏறுவாள். "ஏட்டி, தூங்கப்போற பிள்ளையை எழுப்பிவிடுத மாதிரி பாடுதியே" என்று எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் ஏறுவாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய பயிற்சியில்தான் எனக்கு நோய் வெளிப்பட்டது. அதற்கு முன்பே கொஞ்ச நாளாக மத்தியானத்துக்கு மேல் உடம்பு கணகணவென்று இருக்கும். கன்னம் சிவந்து, கண் பளபளவென்று ஆகும். "பூனாக் குளிர் உனக்கு ஒத்துக்கிட்டு, அழகாயிட்ட" என்று என் வீட்டுக்காரரே சொன்னார். அந்த அழகு எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு நீண்ட அடியைப் பாடி முடிக்கும்போது இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தேன், சிவப்பு. பக்கத்தில் நின்ற சாராள் மட்டும் அதைப் பார்த்தாள். நான் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சாராள்."

"விடமாட்டேன்" என்றாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தக் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடது பக்க நுரையீரலில் ஒரு வட்டத்தைக் காட்டினார். புழு அரித்த இலையில் ஓட்டை இருக்குமே, அப்படி இருந்தது. சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கிருமி இருந்தது. டி.பி. என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. மடியில் இருந்த லில்லியை என் வீட்டுக்காரர் சட்டென்று தூக்கிக்கொண்டார். அப்போதுதான் வந்தது. அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகியிருக்கவில்லை.

டாக்டர் சொன்னதைச் சாராளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் வரை வேறு யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். வாயுக் கோளாறு, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடலாம். பிள்ளையைக் கிர்க்கியில் இருக்கும் என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். இந்த நோயின் பெயரைச் சொன்னால் போதும், நீங்கள் குடித்த தம்ளரைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால் உபதேசியார், "ஜெபிக்க வேண்டியவர்களைச் சொல்லலாம்" என்பார். யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, இன்னாருக்கு இன்ன கஷ்டம் என்று சொல்லலாம். சபை மொத்தமும் அந்தப் பெயருக்காக ஜெபிக்கும். கால் முறிவு, பிரசவம், பிரமோஷன், பையனுக்குப் பரீட்சை எல்லாம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாராள் எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம ஜெயமணி அக்காவுக்கு நெஞ்சில டி.பி.ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நுரையீரல்ல ஓட்டை விழுந்திருக்கு. சின்னப் பிள்ளைக்காரி. எல்லாரும் அழுது ஜெபிக்கணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடி, நல்ல சத்தமாக, உருக்கமாகத்தான் ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. எனக்கு முன் பெஞ்சில் இருந்த ஒரு தாய் ஜெபித்துக்கொண்டே தன் பிள்ளையை மெதுவாக இழுத்து, என்னைவிட்டுத் தள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீடு திரும்பியதும் முற்றத்தில் வைத்துச் சாராளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ட்டி சொன்ன?"

"ஜெபத்துக்குத்தானே அக்கா சொன்னேன்."

"பேரைச் சொல்லாம ஒரு சகோதரின்னு சொல்லிருக்கக் கூடாதா?"

"அப்படி மறைச்சு ஜெபிச்சா எப்படிக் கேக்கப்படும்? ஆண்டவர்கிட்டப் போயி விலாசம் இல்லாம மனுப் போடுவாவளா?"

"ஆண்டவருக்கு என் விலாசம் தெரியும். இப்ப மொத்தக் கோர்படிக்கும் தெரியும்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இனிமே என் வாசப்படியை மிதிக்காத. நானாக் கூப்பிடுத வரைக்கும் மிதிக்காத."

அவள் முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பால்காரன் பாத்திரத்தைத் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றினான். அதெல்லாம் போகட்டும். கிர்க்கி நாத்தனார் பிள்ளையை எடுத்துக்கொள்ள யோசிக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "அக்கா சரின்னு சொல்லிட்டா, நீ கவலைப்படாம போ" என்றார். நான் போனேன்.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. டாங்காக் குதிரை வண்டி போகப்போக வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. நெஞ்சு நோய்க்காரர்களுக்கு முதல் மருந்து காற்று. வார்டுக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது, நீளமான வராந்தாதான். கட்டில்கள் வரிசையாக வெளியைப் பார்த்துப் போட்டிருக்கும். விடியற்காலையில் மூடுபனி வராந்தாவுக்குள்ளேயே வந்துவிடும். கண் விழித்தால் பக்கத்துக் கட்டில் தெரியாது, இருமல் சத்தம் மட்டும் கேட்கும். நான் செத்துப் போய் மேகத்தில் படுத்திருக்கிறேனோ என்று முதல் சில நாட்கள் நினைத்ததுண்டு. பிறகு ஆயா அலுமினியக் குவளையைத் தட்டிக்கொண்டு, "சஹா, சஹா" என்று டீ கொண்டுவருவாள். மேகத்தில் டீ கொடுக்கமாட்டார்கள் என்று தெளிந்துகொள்வேன்.

வைத்தியம் என்னவென்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது கிருமியைக் கொல்கிறது, ஆனால் காதுக்குள் ஒரு ரீங்காரத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. எழுந்து நின்றால் தரை மெத்தென்று அசையும். பாடுகிறவளுக்குக் காது போய்விடுமோ என்ற பயம் பெரிய பயம். டாக்டரிடம் சொன்னேன், மருந்தின் அளவைக் குறைத்தார். ரீங்காரம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. அதோடு குடிக்க ஒரு தூள், வாயில் வைத்தால் குடலைப் புரட்டும். முட்டை, பால், வெண்ணெய் என்று ஆட்டைக் கொழுக்க வைப்பதுபோல் தின்னக் கொடுப்பார்கள். தின்ன முடியாமல் தின்ன வேண்டும்.

எல்லாரும் பயப்படுகிற சிகிச்சை ஒன்று உண்டு, காற்று ஏற்றுவது. விலா எலும்புகளுக்கு நடுவே மரக்கச் செய்து, நீளமான ஊசியைச் செருகி, கண்ணாடி ஜாடியிலிருந்து காற்றை நெஞ்சுக்குள் விடுவார்கள். அந்தக் காற்று வெளியிலிருந்து அழுத்த, நோய்ப்பட்ட நுரையீரல் சுருங்கி அசையாமல் கிடக்கும். அசையாவிட்டால் புண் ஆறும். டாக்டர் இதை எனக்கு ஹிந்தியில் விளக்கினார். "உங்கள் நுரையீரலைத் தூங்க வைக்கிறோம். அது தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கள்." வலி அவ்வளவு இல்லை. உள்ளே ஏதோ மெல்ல மடிகிற மாதிரி இருக்கும். பிறகு ஒரு பக்கத்தால் மட்டும் மூச்சு விடுவேன். பிள்ளையைத் தூங்கப்பண்ணி வந்த நான், என் நெஞ்சுக்குள் ஒன்று தூங்கிக்கொண்டிருக்க, அதை எழுப்பிவிடாமல் கிடந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, புரண்டுகூடப் படுக்கக்கூடாது. காய்ச்சல் ஏறுவதும் அந்த நேரம்தான். காதில் ரீங்காரம், கண்ணில் இலைகளின் பச்சை, தூரத்தில் ரயிலோ என்னமோ ஒன்று. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாத அந்த நேரங்களில் என் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். லில்லி நடந்து வருவாள். எப்போதும் பாதி முற்றத்தோடு நின்றுவிடுவாள். அதற்கு மேல் அவளை வரவைக்க என் கனவுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் வத்சலாபாய் என்று ஒரு மராட்டிக்காரி. சாங்லிப் பக்கம். அவளுக்கு என் வயதுதான் இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் மூத்தவள். எந்த ஊசி வலிக்கும், எந்த நர்ஸ் திட்டுவாள், எல்லாம் அவள்தான் சொல்லித் தந்தாள். அவளைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் கொண்டுவரும் பேக்கரி பிஸ்கட்டில் பாதி அவளுக்கு. அவர் முன்பெல்லாம் சைக்கிளில் வருவார், பிறகு நடந்து வர ஆரம்பித்தார். "சைக்கிள் பஞ்சர்" என்றார். அந்தப் பஞ்சர் கடைசி வரை ஒட்டப்படவில்லை. ஊசி மருந்து அப்போது என்ன விலை விற்றது என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் கேட்கவில்லை.

பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். புல்வெளிக்கு அப்பால் ஒரு மருதாணி வேலி. அதற்கு வெளியே பிள்ளையைத் தூக்கிக் காட்டலாம். அப்படித்தான் லில்லியைப் பார்ப்பேன். முதல் தடவை அவளுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அவர் அவளுடைய கையைப் பிடித்து ஆட்டினார். நானும் வராந்தாவிலிருந்து கையசைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் அவளாகவே அசைத்தாள். என்னைக் கண்டதும் அப்படி ஒரு சிரிப்பு, இரண்டு கையாலும் அசைப்பாள். என்ன சட்டை போட்டிருக்கிறாள், எண்ணெய் தேய்த்துச் சீவியிருக்கிறதா, கண்ணுக்கு எட்டியதையெல்லாம் பார்த்துக்கொள்வேன். நன்றாகத்தான் இருந்தாள். நாத்தனாரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

மழைக்காலம் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூறல் விட்டு எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. லில்லியைக் காட்டிவிட்டு அவர் வார்டுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை வெளியே அக்கா வைத்திருக்கிறாள் என்றார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் பாடியது. காதில் ரீங்காரம் இருந்ததால் முதலில் நம்பவில்லை. காய்ச்சலில் கேட்கிறதோ என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. மழலைதான், வார்த்தை பாதி இல்லை. ஆனால் என் பாட்டு. வெளிச்சம் போகும் நேரம். இரண்டாவது அடி வந்தது. கீழே இறங்க வேண்டிய இடத்தில், அந்தப் பிஞ்சுக் குரல் அழகாக மேலே ஏறியது.

உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படிப் பாடுவாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பிள்ளை யார்கிட்ட இருக்கா?"

"அக்காகிட்டத்தான்..."

"கோவில் பெஞ்சில உக்காந்து பொய் சொல்லத் தெரியாதவர் நீங்க. ஆஸ்பத்திரி பெஞ்சிலயும் சொல்லாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா ஒரு வாரங்கூட வச்சுக்கல. அவ பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும்னு பயந்துட்டா. நான் பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவேன் ஜெயா? ஆபீசுல லீவு இல்ல. சபையில நாலு வீட்டு வாசல்ல நின்னேன். ஜெபிக்கோம்னு சொன்னாவ. சாராள் முற்றத்தில நின்னு பாத்துட்டே இருந்தா. வந்து, ஒண்ணும் கேக்காம, பிள்ளையக் கையிலருந்து வாங்கிட்டுப் போனா."

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா நீ கட்டிலவிட்டு இறங்கி வந்திருவ."

அது உண்மை. வந்திருப்பேன். அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் ஏறி, நர்ஸ் திட்டினாள். என் நோயைப் பேச்சுப் பொருளாக்கி, என் பிழைப்பைக் கெடுத்தவள் இப்போது என் பிள்ளையையும் வைத்துக்கொண்டாள் என்று உள்ளே கொதித்தது. வத்சலாபாயிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கொட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு தனக்கு மூன்று பிள்ளைகள் என்றும், தலை வாரிவிட ஆளிருக்கிறதா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றும் மராட்டியில் மெதுவாகச் சொன்னாள். "உன் பிள்ளை பாடுகிறாள். வயிறு நிறைந்த பிள்ளைதான் பாடும்" என்றாள். மறுநாள் ஓய்வு நேரம் முழுவதும் அவள் அந்தப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

அந்த மாதம் ஐயர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யார் மேலயாவது மனத்தாங்கல் உண்டாம்மா?"

நற்கருணைக்கு முன்னால் எல்லாரிடமும் கேட்பதுதான். மனத்தாங்கலோடு அதை வாங்கக்கூடாது என்பது முறை. எல்லாரும் இல்லை என்பார்கள். நான், "உண்டு, ஐயா" என்றேன்.

அவர் பிரசங்கம் பண்ணுவார் என்று பார்த்தேன். பண்ணவில்லை. துணியை நாலாக மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்தார். "சரி. அடுத்த மாசம் வாரேன்" என்றார். எனக்கு ரோஷமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவு தூரம் வந்தவர் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூடாதா? எழுந்தவரிடம், "சபையில இன்னும் என் பேரைச் சொல்லி ஜெபிக்காவளா?" என்று கேட்டேன்.

ஐயர் யோசித்தார். "முதல்ல நிறையப் பேரு சொன்னாவ. ஜனங்க மறந்திருவாங்கம்மா, புதுசு புதுசா கஷ்டம் வருதுல்லா. இப்ப ஒருத்தி மட்டும் விடாம எந்திரிக்கா. 'ஜெயமணி அக்கா நல்ல சுகமாகி, சீக்கிரம் வீட்டுக்கு வரணும்.' அவ்வளவுதான், உக்காந்திருவா. சீக்குப் பேரைச் சொல்லுதது இல்ல. பிள்ளை அவ தோள்ல தூங்கிக்கிட்டு இருக்கும்."

அவர் போன பிறகு ஓய்வு நேர மணி அடித்தது. அசையாமல் கிடந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் லில்லி என்னிடம் வந்துவிடுவாள். பிள்ளையில்லாத சாராளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தே, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்று வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணைக்குள் போயிற்று. துடைக்கக் கை தூக்கக்கூடாது, ஓய்வு நேரம். அப்படியே விட்டுவிட்டேன். இலைகள் கலங்கித் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தன.

அதனால் எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மனது நுரையீரல் மாதிரிதான், தன் வேகத்தில்தான் ஆறும். ஐயர் அடுத்த மாதம் வந்தபோது மனத்தாங்கல் பாதி இருக்கிறது என்றேன். "பாதி அப்பம் கொடுக்க முடியாதேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மழை முடிந்து, குளிரும் வந்து போயிற்று. வத்சலாபாயை ஆபரேஷனுக்கென்று வேறு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என் கையைத் தொட்டுக்கொண்டு போனாள். பிழைத்தாள் என்று பிறகு ஆயா சொன்னாள். என் எக்ஸ்ரேயில் அந்த வட்டம் சுருங்கிக் கோடாயிற்று. சளியில் கிருமி இல்லை, மறுபடி பார்த்தார்கள், இல்லை. இனி யாருக்கும் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காற்று ஏற்றிக்கொள்ள மட்டும் அவ்வப்போது வர வேண்டும்.

"பாடலாமா?" என்று கேட்டேன்.

"பாடுங்கள். மெதுவாக, மேல் சுரம் போகாமல்" என்றார்.

டாங்கா கோர்படிக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில். எனக்குத் தரை இன்னும் லேசாக அசைந்தது, மருந்தாலோ என்னவோ. எங்கள் முற்றம் கனவில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. என் வாசலில் இறங்கினேன். எதிர்ப்புறத்தில், தன் வாசலில், சாராள் நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு லில்லி. வளர்ந்திருந்தாள். புது கவுன், இரண்டு பின்னல்.

லில்லி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள்.

"வாம்மா, லில்லி" என்று கை நீட்டினேன்.

இன்னும் வேகமாக அசைத்தாள். வரவில்லை. என் வீட்டுக்காரர் போய் அவளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்தில் வரவர அவளுடைய சிரிப்பு போயிற்று. அவர் கையில் நெளிந்து, இறங்கி, முற்றத்தின் அந்தக் கோடிக்கு ஓடினாள். அங்கே போய்த் திரும்பி நின்று, மறுபடியும் சந்தோஷமாகக் கையசைத்தாள். அம்மா என்றால் தூரத்தில் இருக்கிறவள். அம்மாவைப் பார்த்தால் கையசைக்க வேண்டும். பிள்ளை சரியாகத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப் போவேனோ என்று பயந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

"ஏட்டி கண்ணு, அம்மாகிட்டப் போ" என்று சாராள் அங்கிருந்தே சொன்னாள். லில்லி என்னைப் பார்த்தாள், பிறகு சாராளின் காலைப் பார்த்தாள். அந்தக் கால் நகரவில்லை. அது நகராமல் இந்தப் பிள்ளை நகராது என்று எனக்குப் புரிந்தது. சாராள் ஏன் நகரவில்லை என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது. நானாகக் கூப்பிடுகிற வரைக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். என் பிள்ளையை இத்தனை நாள் வளர்த்தவள் அந்தச் சொல்லையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"சாராள், உள்ள வா."

அவள் அசையவில்லை. "மிதிக்கக் கூடாதுன்னு சொன்னியே அக்கா."

"சொன்னேன். இப்ப வான்னு கூப்பிடுதேன்."

"என்னை மன்னிச்சுட்டியா?"

மீதிப் பாதி எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. "மன்னிச்சுட்டேன்ட்டி. முழுசா மன்னிச்சுட்டேன். ஆனா இனிமே என்னைப் பத்தி ஆண்டவர்கிட்டப் பேசணும்னா கொஞ்சம் மெதுவாப் பேசு. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்தாள். பாதி முற்றத்தில், கனவில் எப்போதும் நின்றுவிடும் அந்த இடத்தில், பிள்ளை தயங்கினாள். சாராள் நிற்காமல் நடந்தாள். பிள்ளையும் நடந்தாள். சாராள் என் வாசற்படியை மிதித்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, லில்லியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை. விளக்கேற்றுகிற நேரம் வரை எங்கள் இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டிருக்க, ஊர்க்கதை பேசினோம். எப்போது என்று தெரியாமல் பிள்ளையின் ஒரு கால் என் மடிக்கு வந்திருந்தது. பிறகு ஒரு விரல் வந்து என் கன்னத்தை அழுத்திப் பார்த்தது.

"நாளைக்குக் காலையில வந்திரு" என்று சாராளிடம் சொன்னேன். "இவளுக்குத் தலை பின்னணும். நான் ரொம்ப நாளைக்குக் கை தூக்கக் கூடாதாம், டாக்டர் சொல்லிருக்காரு."

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லாதீங்க என்று சொன்னவள் நான்தானே.

லில்லிக்குக் கண் சொருகியது. நான் மெல்லப் பாடத் தொடங்கினேன். வெளிச்சம் போகும் நேரம், வேண்டிக்கொள்வோம் வா. இத்தனை மாதம் கழித்து என் குரலை நானே கேட்டேன். மெலிந்திருந்தது, ஆனால் இருந்தது. இரண்டாவது அடியில், எப்படி இறங்க வேண்டுமோ அப்படி இறங்கினேன்.

லில்லி கண்ணைத் திறந்தாள். "அப்படி இல்ல" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

சாராள் முகம் சுருங்கிப் போயிற்று. "நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன் அக்கா. நீ சரியாப் பாடு, பழகிக்கிடுவா."

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் நேராக உட்கார்ந்து, வலது பக்கத்தால் ஒரு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். டாக்டர் வேண்டாம் என்ற மேல் சுரத்துக்கு, சாராள் எப்போதும் ஏறுகிற அந்த இடத்துக்கு, ஏறினேன். இடது பக்கம் லேசாகப் பிடித்து இழுத்தது. ஆனாலும் எட்டிவிட்டது. லில்லி சரிதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.